காக்கிச் சட்டையும் பதினேழரை நொடியும்

இன்னைக்கு எபிசோட் தீயணைப்பு வீரர்கள் போட்டுக்கிற உடுப்பைப் பத்தி. சட்டை, தொப்பி, பூட்ஸ், கையுறை. "இதுல என்னங்க வரலாறு இருக்கு?"ன்னு சிலர் கேக்கலாம். நிறைய இருக்கு. அந்த உடுப்புல ஒவ்வொரு துண்டும் எங்கேயோ யாரோ செத்ததுக்கு அப்புறம் சேர்ந்தது.

கேள்வியை முதல்லயே வெச்சுடறேன். ஒரு சின்ன தீயணைப்பு நிலையம்னு நினைச்சுக்கோங்க. ஒரு வண்டி, ஒரு ஷிஃப்டுக்கு ஆறு பேர். வருஷத்துக்கு ஒதுக்கற பணத்துல டீசல், டயர், ஹோஸ் பைப் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். அதுல ஆறு பேருக்குப் பாதுகாப்பு உடுப்பு வாங்கணும். எதை முதல்ல வாங்குவீங்க?

இதுக்கு பதில் தேட நான் ஸ்ரீரங்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், காலை முகூர்த்தம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ எடுக்கறதுக்காகப் போட்டிருந்த மின் இணைப்பில் கோளாறு, பொறி கீத்துல பட்டுது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். திருச்சிப் பக்கத்துல முப்பது வயசுக்கு மேல இருக்கிற யாரைக் கேட்டாலும் அந்த நாள் ஞாபகம் இருக்கும்.

அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 குழந்தைகள். அங்கேயும் கீற்றுக் கூரை. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக நேரத்துல யாகசாலைப் பந்தல் எரிஞ்சு நாற்பதுக்கும் மேற்பட்டவங்க போனாங்க. மூணு ஊரும் நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள்ள, மூணும் காவிரிப் பாசனப் பகுதி. தென்னங்கீத்து மலிவா, தாராளமா கிடைக்கிற மண்.

இந்தத் தீ விபத்துகளைப் பத்திப் பேசறப்ப நாம எப்பவும் பந்தலைப் பத்தி, அனுமதியைப் பத்தி, வாசலோட அகலத்தைப் பத்திப் பேசுவோம். பேசணும். கும்பகோணத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடங்கள்ல கீற்றுக் கூரை போனதே அந்தப் பேச்சாலதான். ஆனா நான் இன்னைக்கு நிக்க விரும்பற இடம் வேற. எல்லாரும் இறங்கி ஓடி வர்ற அந்த மாடிப்படியில, ஒரு ஆள் எதிர்த் திசையில ஏறணும். அவர் உடம்புல என்ன இருக்கணும்?

யோசிச்சுப் பாருங்க. காய்ஞ்ச கீத்து எரியறது விறகு எரியற மாதிரி இல்ல. மேலேயும் கீழேயும் காத்து, நடுவுல மெல்லிசான ஓலை. நெருப்பு கூரையோட அடிப்பக்கமா ஓடும். கட்டின கயிறு அறுந்ததும் எரியற கத்தைகள் அப்படியே கொத்தா கீழ விழும். அலங்காரத் துணி செயற்கை இழையா இருந்தா உருகிச் சொட்டும். அதனால முதல் ஆபத்து தலைக்கு மேல, பின்கழுத்துல, தோள்ல. ரெண்டாவது, படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆயிடும், மூச்சு விட முடியாது. மூணாவது, அறுந்து தொங்கற மின்வயர்ல கரெண்ட் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

தலை, மூச்சு, மின்சாரம். இதுல தலைக்கவசத்தோட கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

1860-கள்ல லண்டன் தீயணைப்புப் படைக்குத் தலைவரா இருந்தவர் கேப்டன் எயர் மாசி ஷா. அவர் பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் போட்டிருந்த தலைக்கவசத்தைப் பார்த்து மயங்கி, லண்டனுக்கு பித்தளையில் ஒண்ணு கொண்டு வந்தார். உச்சியில கொண்டை, முன்னாடி நெருப்பு கக்கற டிராகன் உருவம், தங்கம் மாதிரி மினுக்கும். அதுக்கு முன்னாடி இருந்த தோல் தொப்பி பார்க்க ஒண்ணும் இல்லாதது. பித்தளைத் தொப்பி வந்ததும் தீயணைப்பு வீரர்னா அதுதான் அடையாளம்னு ஆச்சு. பிரிட்டிஷ்காரங்க ஆட்சி போன இடமெல்லாம் அதுவும் போச்சு, பம்பாய் உட்பட.

கேஸ் விளக்கும் எண்ணெய் விளக்கும் இருந்த காலத்துல அதுல பிரச்சினை இல்ல. அப்புறம் வீட்டுக்கு வீடு கரெண்ட் வந்தது. எரியற கூரையிலிருந்து வயர் தொங்குது, கீழ ஒரு ஆள் நனைஞ்ச உடம்போட, தலையில ஒரு கிலோ பித்தளையோட நிக்கறார். பித்தளை நல்ல மின்கடத்தி. அப்புறம் என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. ஆனாலும் லண்டன் அந்தப் பளபளப்பை விட 1930-கள் வரைக்கும் ஆச்சு. அப்புறம்தான் கரெண்ட் கடத்தாத பொருள்ல கறுப்புத் தலைக்கவசம் வந்தது.

இந்த எபிசோடுக்காக இந்தியத் தரநிலைகளைப் புரட்டிட்டு இருந்தேன். தீயணைப்பு வீரர்களோட தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2745-ன்னு ஒரு தரநிலை. அதோட தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'தீயணைப்பு வீரர்களுக்கும் குடிமைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்குமான உலோகமல்லாத தலைக்கவசம்'. 'உலோகமல்லாத' அப்படிங்கற சொல் தலைப்புலயே இருக்கு. எதுக்குன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்துல தீ வந்ததே மின் இணைப்புலதான், மறந்துடாதீங்க.

அதனால ஆறு பேருக்கும் நல்ல தலைக்கவசம், கழுத்தை மூடற மடிப்போட. அதுக்குள்ள தலை, காது, கழுத்து மூணையும் மூடற ஒரு தீ தாங்கும் துணிக் குல்லா. இது ரெண்டும் மத்ததோட ஒப்பிட்டா விலை குறைவு. சின்ன நிலையம் கண்ணை மூடிக்கிட்டு முதல்ல வாங்கலாம்.

அடுத்தது மூச்சு. இங்கதான் பணம் போகும்.

ரொம்ப காலத்துக்கு தீயணைப்பு வீரர்கள் புகையைச் சும்மா சுவாசிச்சாங்க. அமெரிக்காவுல அவங்களுக்கு 'புகை தின்னி'ன்னே ஒரு செல்லப் பேர், அதுல ஒரு பெருமையும் இருந்தது. முகமூடியை மாட்டிக்கிறவன் கோழைன்னு ஒரு நினைப்பு. ரெண்டாம் உலகப்போர்ல விமானிகளுக்காக வளர்ந்த சுவாசக் கருவித் தொழில்நுட்பம் 1945-ல ஸ்காட் ஏர்-பேக்ங்கற பேர்ல தீயணைப்புக்கு வந்தது. முதுகுல அழுத்தின காத்து அடைச்ச சிலிண்டர், முகத்துல மாஸ்க். ஆனா ரொம்ப கனம், பாதிப் பேர் வண்டியிலயே விட்டுட்டுப் போனாங்க. 1970-கள்ல நாசா, ராக்கெட் மோட்டார் உறை செய்யற உத்தியை வெச்சு சிலிண்டரை இலேசாக்கித் தந்துச்சு. மொத்த எடையில கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு குறைஞ்சது. மாட்டற பழக்கம் பரவினதுக்கு அந்த எடைக்குறைப்பு ஒரு பெரிய காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. 6.8 லிட்டர் சிலிண்டர்ல 300 பார் அழுத்தத்துல காத்து அடைச்சா, உள்ள இருக்கறது சுமாரா 2,000 லிட்டர். சாதாரணமா வேலை செய்யற ஆள் நிமிஷத்துக்கு 40 லிட்டர் இழுப்பார், அப்ப 50 நிமிஷம். ஆளைத் தூக்கிட்டுப் படி ஏறி இறங்கறவர் 60, 70 லிட்டர் இழுப்பார். அரை மணி நேரத்துல காலி. திரும்பி வர்ற நேரத்துக்கும் அதுலயே மிச்சம் வைக்கணும்.

ஆறு பேருக்கு ஆறு செட் வாங்கப் பணம் இல்லைன்னா? என் கருத்து, நாலு. உள்ள ரெண்டு பேர் போனா, அவங்களுக்கு ஏதாவது ஆனா இழுத்துட்டு வர வெளிய ரெண்டு பேர் தயாரா நிக்கணும். வண்டி ஓட்டறவரும் பம்ப் பார்க்கறவரும் வெளியதான். செட்டைவிட முக்கியமா நான் கேப்பேன்: காத்தை எங்க நிரப்புவீங்க? நிரப்பற கம்ப்ரஸர் எவ்வளவு தூரத்துல இருக்கு? நாலு செட் வாங்கிட்டு, காலி சிலிண்டரை நிரப்ப ரெண்டு நாள் ஆகும்னா, ரெண்டாவது தீக்கு அது வெறும் சுமை.

சரி, இப்ப எல்லாரும் எதிர்பார்க்கற அந்த சூட்.

நம்ம ஊர்ல தீயணைப்பு வீரர்னா மனசுல வர்றது காக்கிதான். காக்கியை நான் குறைவா சொல்ல மாட்டேன். சுத்தப் பருத்தியா இருந்தா அது கருகும், உருகாது. டெரிகாட்டன் காக்கி அப்படி இல்ல. அதுல பாலியஸ்டர் இருக்கு, உருகித் தோல்ல ஒட்டும். தேய்க்க வேண்டாம், மடிப்பு கலையாதுன்னு நாம விரும்பற துணிதான் தீக்கு முன்னாடி மோசமானது. பனியன், சாக்ஸ் வரைக்கும் இது பொருந்தும். சூட்டுக்குள்ள பருத்தி மட்டும்தான்னு ஒரு விதி போட காசு செலவு கிடையாது.

1967-ல டுபாண்ட் கம்பெனி நோமெக்ஸ்ங்கற இழையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே வருஷம் ஜனவரியில அப்போலோ 1 விண்கலத்துக்குள்ள தீப்பிடிச்சு மூணு விண்வெளி வீரர்கள் இறந்தாங்க. அதுக்கு அப்புறம் தீ தாங்கற துணி மேல எல்லார் கவனமும் திரும்பிச்சு. இன்னைக்கு நாம பார்க்கற சூட் மூணு அடுக்கு. வெளிய தீ தாங்கற துணி. நடுவுல தண்ணியை உள்ள விடாத ஒரு படலம். உள்ள சூட்டைத் தடுக்கற மெத்து. நடு அடுக்கு எதுக்குன்னா, ஈரத்துணி சூடாகி நீராவி ஆச்சுன்னா அதுவே உடம்பை வேக வெச்சிடும். இட்லிப் பானை மாதிரி.

இந்த சூட் எவ்வளவு நேரம் காப்பாத்தும்? அமெரிக்கத் தரநிலை என்.எஃப்.பி.ஏ. 1971-ல ஒரு சோதனை இருக்கு. ஒரு அறை மொத்தமா குப்புன்னு பத்திக்கிற நேரத்துல வர்ற மாதிரி வெப்பத்தைத் துணிமேல பாய்ச்சி, தோல்ல இரண்டாம் நிலைத் தீக்காயம் வர எவ்வளவு நேரம்னு அளப்பாங்க. தேறுவதற்குக் குறைஞ்சபட்ச மதிப்பெண் 35. அதை நேரமா மாத்தினா பதினேழரை நொடி.

பதினேழரை நொடி. ஒரு ரீல்ஸ் ஓடற நேரம்கூட இல்ல. மாசச் சம்பளத்தைத் தாண்டற விலையில வாங்கற சூட் தர்றது அவ்வளவுதான். வெளிய ஓடி வர்றதுக்கான நேரம். நெருப்புக்குள்ள நின்னு வேலை பார்க்கறதுக்கு இல்ல.

"அப்ப இன்னும் தடிமனா வாங்கலாமே"ன்னு தோணும். இங்கதான் திருச்சி வெயில் குறுக்க வருது. மே மாசத்துல 40 டிகிரி தாண்டற ஊர். சூட், பூட்ஸ், சிலிண்டர் எல்லாம் சேர்த்தா இருபது கிலோவுக்கு மேல. உடம்பு உண்டாக்கற சூடு வெளிய போக வழி வேணும். அமெரிக்காவுல பணியில இறந்த தீயணைப்பு வீரர்களைப் பத்தி 2007-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்தது. அந்த மரணங்கள்ல 45 சதவீதம் இதய நோயால். தீக்காயம் இல்ல, புகை இல்ல, நெஞ்சுவலி. அதே 1971 தரநிலையில, உடம்புச் சூடு துணி வழியா எவ்வளவு வெளியேறணும்னு இன்னொரு எண்ணும் உண்டு: சதுர மீட்டருக்கு 205 வாட். சூட் விக்க வர்றவர் முதல் எண்ணை நீட்டி முழக்கிச் சொல்வார். ரெண்டாவதை நீங்கதான் கேக்கணும். நம்ம ஊருக்கு ரெண்டாவது எண் இன்னும் முக்கியம்னு நான் சொல்வேன்.

வெள்ளித்தாள் சுத்தின மாதிரி மினுக்கற அலுமினிய சூட் பார்த்திருப்பீங்க. அது விமான எரிபொருள், எண்ணெய்க் கிணறு மாதிரி இடங்கள்ல தூரத்துல இருந்து அடிக்கற வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பற உடுப்பு. திருச்சி ஏர்போர்ட்டுக்கு அது நியாயம். கல்யாண மண்டபத்துக்கோ துணிக்கடைக்கோ அது தப்பான உடுப்பு. ஆனா கண்காட்சியில போட்டோவுக்கு அழகா இருக்கும். பித்தளைத் தொப்பி இன்னும் சாகலைன்னு அதைப் பார்க்கறப்ப எனக்குத் தோணும்.

இதுவரைக்கும் சொன்ன எதாலயும் காப்பாத்த முடியாத ஒண்ணு இருக்கு. கட்டடம்.

2020 தீபாவளி. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பழைய கட்டடத்துல ஜவுளிக்கடை எரிஞ்சது. அணைச்சிட்டு இருந்தப்ப கட்டடம் இடிஞ்சு ரெண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. 2012 ஜனவரியில சென்னை சேப்பாக்கம் கலஸ மஹால் தீயிலயும் இதே கதைதான். இடிபாட்டுல ஒரு வீரர் இறந்தார். கோட்ட அலுவலரா இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயத்தோட பிழைச்சார். இன்னும் பின்னால போனா, 1861-ல லண்டன் டூலி தெருக் கிடங்குத் தீயில சுவர் விழுந்து செத்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். நவீன தீயணைப்புக் கலைக்கே அப்பான்னு சொல்லப்படறவர், கேப்டன் ஷாவுக்கு முன்னாடி அந்தப் பதவியில இருந்தவர்.

திருச்சி பெரிய கடைவீதி, என்.எஸ்.பி. ரோடு, ஸ்ரீரங்கத்துல கோயிலைச் சுத்தி இருக்கிற தெருக்கள். முன்பக்கம் புதுக் கண்ணாடியும் போர்டும் இருக்கும், நிமிர்ந்து பார்த்தா பல இடத்துல பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. மர உத்தரத்து மேல செங்கல்லை நிறுத்தி வெச்சு சுண்ணாம்புக் காரை பூசினது. உத்தரம் எரிஞ்சா மேல இருக்கிற மொத்த கனமும் ஒரே நேரத்துல இறங்கும். அதுக்குக் கீழ எந்தத் தலைக்கவசமும் நிக்காது. அங்க உதவறது, "எல்லாரும் வெளிய வாங்க"ன்னு வெளியில இருந்து பார்க்கிற அலுவலர் சொன்னா உள்ள இருக்கறவருக்குக் கேக்கற ஒரு வாக்கி டாக்கி. உடுப்புப் பட்டியல்ல அதை யாரும் சேர்க்க மாட்டாங்க. நான் சேர்ப்பேன், மூணு அடுக்கு சூட்டுக்கு முன்னாடி.

இப்ப அலுவலக மேஜைக்கு வருவோம். தமிழ்நாட்டுல அரசுக் கொள்முதலுக்கு 1998-ல வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு. கேட்ட தகுதி எல்லாம் இருக்கிறவங்கள்ல யார் குறைஞ்ச விலை சொல்றாங்களோ அவங்களுக்கு ஆர்டர். ஊழலைத் தடுக்க இது தேவை, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா இதோட அர்த்தம் என்ன? நீங்க எழுதாம விட்ட தகுதி உங்களுக்குக் கிடைக்காது. 'தீ தாங்கும் கோட்டு, காக்கி நிறம், ஆறு எண்ணம்'னு எழுதினா, தீ தாங்கும்னு சொல்லிக்கிற ஒரு ஒற்றை அடுக்குக் கோட்டு வரும், சட்டப்படி அது சரியாவும் இருக்கும். 'ஐ.எஸ். 16890-படி, சோதனைச் சான்றிதழோட'ன்னு எழுதினா வேற பொருள் வரும். அந்த இந்தியத் தரநிலை வந்தது 2018-லதான். அதுவரைக்கும் சின்ன நிலையங்கள் ஐரோப்பிய எண்ணையோ அமெரிக்க எண்ணையோதான் காட்ட வேண்டியிருந்தது. ஆக, உண்மையில் தேர்வு நடக்கறது கடையில இல்ல, அந்த விவரக்குறிப்பை எழுதற மேஜையில. அதை எழுதறவர் ஒரு தடவையாவது சிலிண்டர் மாட்டிப் படி ஏறினவரா இருக்கணும்னு நான் ஆசைப்படறேன்.

2023-ல ஒன்றிய அரசு, மாநிலங்களோட தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் அறிவிச்சது. ஆனா நாடு முழுசுக்கும் பிரிச்சா, வண்டிக்கும் கட்டடத்துக்கும் போனது போக, ஒரு சின்ன ஊர் நிலையத்துக்கு இறங்கி வர்றது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இவ்வளவு வரிசைப் பேச்சு.

துவைக்கறதையும் சொல்லணும். கரி படிஞ்ச சூட்டை வீரத்தோட அடையாளமா பார்த்த காலம் ஒண்ணு உண்டு. 2022-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்பு வேலையில ஏற்படற பாதிப்பை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கறதுங்கற முதல் பிரிவுல வெச்சது. புகையெண்ணெய் துணியில ஏறி, தோல் வழியா உள்ள போகும். அந்த சூட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், குழந்தைத் துணியோட ஒரே மெஷின்ல போடறது வேண்டவே வேண்டாம். நிலையத்துல ஒரு தனி வாஷிங் மெஷின், அதுவும் அந்தப் பட்ஜெட்லயே. ரெண்டு சூட் குறைச்சு வாங்கினாலும் பரவாயில்ல.

கடைசியா ஒரு சின்ன விஷயம், சைஸ். மொத்தமா ஆர்டர் போடறப்ப எல்லாமே எக்ஸ்.எல். வந்து இறங்கும். கை நீளமா இருந்தா மடிச்சு விடுவாங்க, மடிப்புல அனல் மாட்டும். கையுறை பெரிசா இருந்தா வால்வைத் திருக முடியாம கழட்டிடுவாங்க. பெண்கள் இந்தத் துறைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அவங்க அளவுக்குப் பூட்ஸ் வேணும். ஆறு பேர்தானே, ஒரு டெய்லரைக் கூப்பிட்டு டேப் வெச்சு அளந்து, அந்த அளவுகளை டெண்டரோட இணைக்க ஒரு மத்தியானம் போதும்.

அடுத்த எபிசோட்ல 1975 ஜூலை 11, சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் எரிஞ்ச கதை. அங்க பிரச்சினை உடுப்பு இல்ல, உயரம்.